மனைவிக்கு ஒரு துப்பாக்கி

சென்ற ஆண்டு மழைக்காலத்தின் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் கல்லூரியின் வேறு துறையைச் சார்ந்த நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, மிகுந்த தயக்கத்துடன் ஓர் உதவி கேட்டார். தம் மனைவிக்குக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும். கைப்பையில் வெளியே தெரியாதபடி வைத்துக்கொள்ளத்தக்கதாக இருக்க வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். உரிமத்திற்கான விண்ணப்பத்தோடு இணைக்கக் காரணங்களை விளக்கி ஒரு கடிதம் வேண்டும். "நீங்க தமிழ்க்காரர், நாலு வார்த்தை கோவையா எழுதித் தருவீங்க சார்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் மனைவி ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறார். வழக்கமான நாள்களில் தொழிற்சாலையின் பேருந்திலேயே திரும்பிவிடுவார். ஏற்றுமதிச் சரக்கு புறப்பட வேண்டிய நாள்களில் வேலை நீண்டுவிடும். பேருந்து முன்னரே போய்விட்டிருக்கும். அன்றெல்லாம் ரயிலேறி ஜோலார்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து திருப்பத்தூருக்கு வேறு வண்டி பிடித்து வந்து சேர வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரங்களில் தோலை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பழக்கமான அலைச்சல்தான் இது.

நண்பரின் அச்சத்திற்குக் குறிப்பிட்ட காரணம் இருந்தது. 2025 பிப்ரவரி 6ஆம் நாள் கோயம்புத்தூர் - திருப்பதி இன்டர்சிட்டி விரைவுவண்டியின் பெண்கள் பெட்டியில், நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவர் பயணம் செய்துகொண்டிருந்தார். ஜோலார்பேட்டையில் உடனிருந்த பெண்கள் இறங்கிவிட, ஓர் ஆண் ஏறிக்கொண்டான். தனித்திருந்த அப்பெண்ணை வன்முறைக்கு உள்ளாக்க முயன்று, அவர் எதிர்த்தபோது கே.வி.குப்பம் அருகே ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிட்டான். உயிர் பிழைத்தார், கரு பிழைக்கவில்லை. அவ்வழக்கில் அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. அது நண்பரின் மனைவி செல்லும் அதே தடம். அந்நாளிலிருந்து தமக்கு உறக்கமில்லை என்றார் நண்பர். அதை நம்பினேன்.

அன்றிரவே தேடத் தொடங்கினேன். மூன்று இரவுகள் அதில் கழிந்தன என்பதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்கிறேன். சங்க இலக்கியத்தில் வேலும் வில்லும் தவிர வேறு படைக்கருவி அறியாதவன், சுழல் துப்பாக்கிகளின் எடையையும் நீளத்தையும் விலையையும் அட்டவணைபோட்டு ஒப்பிடலானேன். அறிந்துகொண்டவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் சாதாரணக் குடிமகனுக்கு எல்லாத் துப்பாக்கிகளும் கிடைப்பதில்லை. காவல்துறையும் படையும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்றவை தடைசெய்யப்பட்ட அளவைச் சார்ந்தவை. கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 அளவுதான், அதற்கும் கீழே.22 உண்டு. இவ்வகையில் பெண்களுக்கென்றே விளம்பரப்படுத்தப்பட்டது, 2014 ஜனவரியில் கான்பூரின் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை வெளியிட்ட 'நிர்பீக்'. ஆறு குண்டுகள் கொள்ளும் .32 சுழல் துப்பாக்கி; எடை அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும்; அப்போதைய விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய். 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பேருந்தில் சிதைக்கப்பட்டு உயிர்நீத்த மாணவிக்கு ஊடகங்கள் வழங்கிய 'நிர்பயா' என்னும் பெயரின் மறுவடிவமே இப்பெயர். இரண்டுக்கும் பொருள் அச்சமற்றவள், அச்சமற்றது என்பதுதான். இதைத் தொடர்ந்து மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்றொரு .22 துப்பாக்கியைச் செய்தது. எடை 250 கிராம் அளவுதான். விலையும் 35,000 ரூபாய் என்ற அளவில் சொல்லப்பட்டது. 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து 'பிரபல்' வந்தது. எடை 700 கிராம். 50 மீட்டர் வரை சுடும் என்றார்கள். இதையும் பெண்கள் கைப்பையில் எளிதாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தவறவில்லை.

ஆக, 'கட்டுப்படியாகும் விலை' என்பது நம் ஊரில் பொருளற்ற சொல் என்பது முதல் இரவிலேயே விளங்கிவிட்டது. நண்பரின் மனைவி தம் பல மாத ஊதியத்தைச் சேர்த்தாலும் நிர்பீக்கின் பழைய விலையைக்கூட எட்ட முடியாது. தையற்பிரிவில் அமர்ந்திருக்கும் பெண்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரவு ரயிலில் வர வேண்டிய கட்டாயத்தில் இருப்பவளுக்கு எட்டாத விலை; அதை வாங்கும் வசதியுள்ளவளோ பெரும்பாலும் சொந்த வாகனத்தில் போகிறவள். பெண்களின் பாதுகாப்புக்கென்று செய்த கருவி, பாதுகாப்பு மிகுதியும் தேவைப்படும் பெண்ணை முதலிலேயே கழித்துவிடுகிறது.

இரண்டாம் இரவு சட்டத்தைப் படித்தேன். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, துப்பாக்கியைக் கணவன் வாங்கி மனைவிக்குப் பரிசளிக்க இயலாது. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே வைத்திருக்க வேண்டும். ஆகவே விண்ணப்பிக்க வேண்டியவர் மனைவி. விளக்கம் சொல்ல வேண்டியவர் மனைவி. காவல்துறை விசாரணை நடைபெறுவதும் அவரைப் பற்றித்தான். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்று வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. உரிமமின்றி வைத்திருந்தால் குறைந்தது இரண்டாண்டுச் சிறை. தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கிகளைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம். தேர்தல் காலத்திலும் ஏற்றுமதிச் சரக்கு புறப்படத்தான் செய்யும், கடைசி ரயிலும் ஓடத்தான் செய்யும் என்பது வேறு செய்தி.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கி என்றதுமே முகஞ்சுளிப்பது நம்மைப் போன்ற எழுத்து, வாசிப்பு என்று வாழ்பவர்களின் பழக்கம். ஆனால் இந்நாட்டு மக்கள் ஆயுதமற்றவர்களானது அவர்களது அகிம்சையால் மட்டும் நிகழ்ந்ததன்று. லிட்டன் பிரபு காலத்தில், 1878இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் உரிமம் பெற வேண்டும் என்றும் ஐரோப்பியர்களுக்கு அது வேண்டியதில்லை என்றும் வகுத்தது. அது பாதுகாப்புக்கான ஏற்பாடன்று. ஆளுவோர் யார், ஆளப்படுவோர் யார் என்பதை நினைவூட்டும் ஏற்பாடு. காந்தியே அச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 1931ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. பின்னர் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதை வலியுறுத்தியபோது ஏற்கப்படவில்லை. எனவே ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ளத் துப்பாக்கி கேட்டால், அதைக் கேலிக்குரிய விருப்பமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

மேலும், தற்காப்பு உரிமையைச் சட்டமே அவளுக்கு வழங்கியிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவும், வன்புணர்ச்சி நோக்கத்துடன் தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்குத் தற்காத்துக்கொள்வதையும் குற்றமாகக் கருதவில்லை. கொடியவன் ஒருவன் முன் நிற்கும் பெண், தன் கையிலிருக்கும் எதையும் பயன்படுத்தலாம். அந்த 'எது'வாகத் துப்பாக்கி இருந்தால் என்ன என்பதுதான் நண்பரின் கேள்வி. நியாயமான கேள்வி.

நிற்க. அந்த ரயில்பெட்டிக்கே திரும்பச் சென்று பார்ப்போம். அப்பெண்ணின் கைப்பையில் அரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டு விதிகள் அதை உறைக்குள் வைத்தே எடுத்துச் செல்லச் சொல்கின்றன. பொது இடத்தில் வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவதைத் தடுக்கின்றன. ஏறியவன் முதலில் வெறும் பயணியாகத்தான் ஏறுகிறான். எந்தக் கணத்தில் அவன் பயணியிலிருந்து கொடியவனாகிறான் என்பதை அவள் முடிவுசெய்ய வேண்டும். முடிவுசெய்த பிறகு பையைத் திறந்து, உறையிலிருந்து எடுத்து, நீட்ட வேண்டும். சுழல் துப்பாக்கியில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துவைக்காமல் நேரடியாகச் சுடுவதானால் விசையை இழுக்க விரலில் நல்ல வலு வேண்டும். பழகாத கை ஆடும். பெட்டியின் அகலமோ நாலைந்து எட்டுகள். இத்தனையும் நடந்து முடிவதற்குள், அவளைவிட வலுவான ஒருவன் அந்தத் தொலைவைக் கடந்திருப்பான். அதன்பின் துப்பாக்கி யார் கையில் இருக்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இது பெண்களின் திறமைக் குறைவைப் பற்றிய பேச்சன்று. பயிற்சிபெற்ற காவலருக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் காவலருக்குச் சுடுதளம் உண்டு, துணைக்கு ஆள் உண்டு, பின்னால் ஓர் அமைப்பு உண்டு. காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் பெண் எந்தச் சுடுதளத்திற்கு, எந்த நாளில் செல்வாள்? ஞாயிற்றுக்கிழமை என்று நண்பர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதான் வாரம் முழுவதற்குமான துணி துவைப்பது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அப்போது எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் இரவில்தான் நான் அதுவரை கேட்காமல் விட்டிருந்த கேள்விக்கு வந்து சேர்ந்தேன். துப்பாக்கி கைப்பையில் இருப்பது நாளின் ஒரு பகுதிதான். மீதி நேரமெல்லாம் அது எங்கே இருக்கும்? வீட்டில் இருக்கும். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நம் நாட்டின் தேசியக் குற்றப் பதிவேடுகளின் கணக்கின்படி, பதிவாகும் வன்புணர்ச்சி வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவன் அப்பெண்ணுக்கு அறிமுகமானவன்: உறவினன், அண்டை வீட்டான், நண்பன், முதலாளி. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள் என்கிறது. இது அகில இந்தியச் சராசரியைவிட அதிகம். படித்த மாநிலம், முன்னேறிய மாநிலம் என்றெல்லாம் நாம் பெருமைகொள்ளும் மாநிலத்தின் எண் இது. ரயிலில் ஏறும் முகம்தெரியாதவனைப் பற்றி நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். முகம்தெரிந்தவனைப் பற்றிப் பேச நமக்கு வாய் வருவதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2004 முதல் 2016 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது, 2022இல் வெளியாயிற்று. தம்மிடம் துப்பாக்கி இல்லாமல், ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர்களின் நிலை என்ன என்று பார்த்தார்கள். துப்பாக்கியற்ற வீடுகளில் வாழ்பவர்களைக் காட்டிலும் அவர்கள் கொலையுண்பது இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. வீட்டிலேயே வாழ்க்கைத் துணையால் சுட்டுக் கொல்லப்படுவது ஏழு மடங்குக்கும் அதிகம். அவ்வாறு கொல்லப்பட்டவர்களில் 84 சதவீதத்தினர் பெண்கள். துப்பாக்கி வீட்டாரைக் காக்கும் என்பதற்கான தடயம் எதுவும் அவ்வாய்வில் கிடைக்கவில்லை. அமெரிக்கா வேறு, ஆம்பூர் வேறு என்பது உண்மையே. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் எழும் சினம் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். இங்கே அது கையாலும் பெல்ட்டாலும் நின்றுவிடுவதற்கு ஒரு காரணம், எட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாமையே.

உரிமம் மனைவி பெயரில் இருந்தாலும், பீரோவின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை நம் வீடுகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பளமே அவள் பெயரில் வந்து, பணஅட்டை அவன் சட்டைப்பையில் இருக்கும் வீடுகள் எத்தனை!

2012 பிப்ரவரியில் மதுரையில் நடந்த ஒன்றை இங்கே நினைத்துக்கொள்கிறேன். பெற்ற மகளிடமே முறைகேடாக நடக்க முயன்ற கணவனை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றுவிட்டார். அன்றைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க், அதைத் தற்காப்பு உரிமையின்பாற்பட்ட செயலாகக் கருதி, அப்பெண்ணைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தார். தமிழ்நாட்டில் தற்காப்புரிமை பற்றி அண்மைக்காலத்தில் மிகுதியும் பேசப்பட்ட நிகழ்ச்சி இது. இதில் ஆபத்து வந்தது எங்கிருந்து என்பதைப் பாருங்கள். அப்பெண்ணைக் காத்தது எது என்பதையும் பாருங்கள். கையில் அகப்பட்ட மட்டை ஒரு பாதி. சட்டத்தைச் சரியாகப் படித்த ஓர் அதிகாரி மறுபாதி. அவ்வீட்டில் கைத்துப்பாக்கி ஒன்று இருந்திருந்தால், அது முதலில் அவர் கையில்தான் கிடைத்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

துப்பாக்கிப் பேச்சு எங்கள் ஊருக்குப் புதிதன்று. சவ்வாது மலையில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை கேட்டுக்கொள்ளும் செய்தி அவ்வப்போது நாளிதழில் வரும். 1980 ஆகஸ்டில் திருப்பத்தூரில் நக்சல்களின் வெடிகுண்டுக்குக் காவல் ஆய்வாளர் ஒருவரும் காவலர் சிலரும் பலியான பிறகு, வட ஆர்க்காடு, தருமபுரிப் பகுதிகளில் வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த வேட்டைக்கு 'அஜந்தா' என்று பெயர். உயிரிழந்த ஆய்வாளரின் சிறு மகளின் பெயர் அது. நிர்பீக்கின் பெயர்க்காரணத்தைப் படித்தபோது எனக்கு இதுவே நினைவுக்கு வந்தது. துப்பாக்கிக்கும் துப்பாக்கி வேட்டைக்கும் பெண்ணின் பெயரைச் சூட்டுவதில் நமக்குத் தயக்கமே இல்லை. அந்தப் பெயருக்குரியவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நிர்பயாவிடம் கேட்க வழியே இல்லை.

திருப்பத்தூரிலிருந்து தென்கிழக்கே சென்றால் செங்கம். அவ்வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் மடிந்த வீரர்கள் கையில் படைக்கலத்துடன் நிற்கிறார்கள். பெண்ணைச் சதிக்கல்லில் பார்க்கலாம்; வளையணிந்த கையை உயர்த்தியபடி நிற்பாள். ஆணின் கையில் ஆயுதம். பெண்ணின் கையில் வளை. நிர்பீக்கை அணிகலன் வைக்கும் சிவந்த பேழையைப் போன்ற ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள் என்று அக்காலச் செய்திகளில் படித்தபோது, அந்தக் கற்களின் மனநிலையை நாம் இன்னும் தாண்டவில்லையோ என்று தோன்றிற்று. ஆயுதத்தையும் நகையாக்கித்தான் அவளிடம் தர முடிகிறது. கணவன் வாங்கித் தரும் நகை.

முறத்தால் புலியை விரட்டிய தமிழச்சி என்று மேடைதோறும் முழங்குகிறோம். நானும் முழங்கியிருக்கிறேன். புலி முற்றம்வரை வந்தது எப்படி, ஊர்க்காவல் என்ன ஆயிற்று என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டதில்லை. நம் காப்பியத்தின் தலைசிறந்த பெண், அரசவைக்கு வாளெடுத்துச் செல்லவில்லை. சான்றாகச் சிலம்பை எடுத்துச் சென்றாள். அரசனைத் தன் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, பதில் கேட்டாள். காவல் தவறியவன் அரசன். எனவே விடை சொல்ல வேண்டியவனும் அவனே என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. துப்பாக்கி வாங்கிக் கொடுக்கும்போது நாம் செய்வது, அந்தப் பொறுப்பை அரசனிடமிருந்து எடுத்து அவள் கைப்பைக்குள் வைத்துவிடுவதுதான்.

நான்காம் நாள் மாலை நண்பரின் வீட்டுக்குச் சென்றேன். அட்டவணை என் பையில் இருந்தது. அதை எடுப்பதற்கு முன், அவர் மனைவியிடம் முதன்முறையாகக் கேட்டேன்: "உங்களுக்கு என்னம்மா தோணுது?"

அவர் கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அதெல்லாம் வேணாம்ணா. புள்ளைங்க இருக்கிற வீடு. ராத்திரி ஷிப்மெண்ட் இருக்கிற அன்னிக்கு கம்பெனி வண்டி ஒண்ணு விட்டாங்கன்னா போதும். நாங்க பதினோரு பேரு இருக்கோம். ஆறு மாசமா கேட்டுட்டுத்தான் இருக்கோம்."

நண்பர் வாயடைத்துப் போனார். அவருக்கு அந்த ஆறு மாதக் கோரிக்கை பற்றித் தெரியாது. அவர் கெட்டவரல்லர். மனைவிமீது அன்பு கொண்டவர், உறக்கம் இழந்தவர். ஆனால் அந்த அச்சத்தைத் தாமே வைத்துக்கொண்டு, அதற்கான மருந்தையும் தாமே தேடி, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு ஆண்கள் மூன்று நாள்களாக ஒரு பெண்ணின் பாதுகாப்பைப் பற்றி ஆராய்ந்தோம்; அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

அவர் கேட்டது புதிய சலுகையும் அன்று. இரவு ஏழு மணிக்குமேல் பெண்கள் தொழிற்சாலையில் பணிபுரியக் கூடாது என்றிருந்த பழைய தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாததாக்கியது. பெண் என்பதால் வேலை மறுப்பது சமத்துவத்திற்கு முரண் என்ற நீதிமன்றம், இரவுப்பணி தரும் நிறுவனம் பெண்களுக்குப் போக்குவரத்து முதலிய பாதுகாப்புகளைச் செய்துதர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பும், பெண்ணின் சம்மதத்தையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் இரவுப்பணிக்கு நிபந்தனைகளாக வைக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நீதிமன்றம் இந்த வினாவுக்கு விடை எழுதிவிட்டது. அந்த விடை ஒரு வண்டி.

வண்டி மட்டும் போதாது என்பதையும் அறிவேன். பெண்கள் பெட்டியில் காவலர் வேண்டும். இருட்டில் கிடக்கும் நடைமேடைகளுக்கு விளக்கு வேண்டும். 139 என்ற ரயில்வே எண்ணையும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அழைத்தால் விரைந்து ஆள் வர வேண்டும். 2006 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துக்கு வேண்டும். இவையெல்லாம் மெதுவாக நடப்பவை, கூட்டாகக் கேட்டுப் பெற வேண்டியவை. துப்பாக்கியோ தனியாளாகக் கடையில் வாங்கி வந்துவிடக்கூடியது. அதன் கவர்ச்சியே அங்குதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரிடமும் எதையும் கேட்காமல், ஒரு தொகையைக் கட்டிவிட்டு, கடமை முடிந்ததென்று உறங்கப் போகலாம். வாங்கித் தருபவரின் உறக்கத்துக்கு அது உதவும். ரயிலில் வருபவளுக்கு உதவுமா என்பதுதான் கேள்வி.

என்றேனும் ஒரு பெண், எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தபின், தானே துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தால் அது அவர் முடிவு. அதைக் கேள்வி கேட்க நான் யார்? அவருக்கும் கடிதம் எழுதித் தருவேன். ஆனால் 'மனைவிக்கு எந்தத் துப்பாக்கி பொருத்தமானது' என்று ஓர் ஆண் இன்னோர் ஆணைக் கேட்கும்போது, 'அவரிடம் கேட்டீர்களா' என்பதே முதல் விடையாக இருக்க வேண்டும். மூன்று இரவுகளை வீணாக்கி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

அன்றிரவு ஒரு கடிதம் எழுதவே செய்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தொழிற்சாலை மேலாளருக்கு ஒன்று, அதன் படி மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று. பதினோரு பெண்களும் கையெழுத்திட்டார்கள். கோவையாக எழுதும் பழக்கத்தில் நான் சேர்த்திருந்த இரண்டு அடைமொழிகளை அவர் அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன். வண்டி இன்னும் வரவில்லை. ஏற்றுமதி நாள்களில் நண்பர் இப்போது ஜோலார்பேட்டை நிலையத்தில் போய்க் காத்திருக்கிறார். சில நாள்களில் நானும் உடன் செல்கிறேன். அடுத்த வாரம் மீண்டும் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டும்.